துண்டு போட்ட இருக்கை

அக்டோபர் 11, செவ்வாய்

டாக்டர் எழுதச் சொன்னது தண்ணீர், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும்தான். மற்றதையும் எழுதிவைக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள்?

இன்று டயாலிசிஸ் பிரிவில் முதல் நாள். இதுவரை வார்டில் படுக்கவைத்து, கழுத்துக் குழாய் வழியாகச் செய்தார்கள். இப்போது கை நரம்பு தயாராகிவிட்டதாம். இனி செவ்வாய், வியாழன், சனி காலை இங்கே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும்" என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அரசுப் பதிவில் பெயர் இருக்கிறது. இருபத்தேழு வயதில் ஒரு வரிசையில் நிற்கிறேன், முன்னால் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

பெரிய ஹால். எட்டு மிஷின், எட்டு சாய்வு நாற்காலி. எனக்கு ஒதுக்கியது ஜன்னலோரம். அதன்மேல் சிவப்புக் கரை போட்ட காசித்துண்டு ஒன்று விரித்துக் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுக்கப்போனேன்.

"ஏலே, தொடாத. சீட்டுக்கு ஆளு இருக்கு."

பக்கத்து நாற்காலிக்காரர். அறுபது வயது இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் காக்கிச் சட்டை போட்டு வந்திருக்கிறார். பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். பெயர் தளவாய்.

டெக்னீசியன் பீர் முகமது ஓடி வந்தார். "அண்ணாச்சி, சனிக்கிழமையே சொன்னேன்லா. டீச்சர் இனி வரமாட்டாவ."

அந்த ஆள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துவந்து, துண்டை எடுத்து, அதாலேயே இருக்கையைத் தட்டிவிட்டார்.

"உக்காரு. எறங்குத வரைக்கும் சீட்டு ஒனக்குத்தான்."

முதல் நாள் வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்கு ஊசி குத்தி, பம்ப் சுற்ற ஆரம்பித்ததும் "ரைட்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்தே கை நீட்டி என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்க வந்தார். கையைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சரியான லூசு. வேறு நாற்காலி கேட்க வேண்டும்.

அக்டோபர் 13, வியாழன்

வேறு நாற்காலி இல்லையாம். காலியானால்தான் உண்டு. காலியாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, பீரும் சொல்லவில்லை.

என் மிஷினில் பம்ப் ரோலர் தேய்ந்திருக்கிறது, சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. பேரிங்கைப் பார்க்கச் சொன்னேன். "கம்பெனி ஆளு வரணும் சார்" என்றார்கள். ஒரு ஸ்பேனர் கொடுத்தால் நானே பார்த்துவிடுவேன்.

பக்கத்து ஆள் பேசிக்கொண்டே இருக்கிறார். என்னிடம் இல்லை. என்னைத் தாண்டியும் இல்லை. நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியோடு.

"டீச்சர், மழை வருது பாத்தீயளா? இந்தத் தடவ மணிமுத்தாறு ரொம்பிரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் என்மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ என் நெஞ்சுக்கு உள்ளே, முதுகுப் பக்கமாக ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்தார். சாய்ந்திருந்தவன் நிமிர்ந்துவிட்டேன். முடியும்வரை சாயவில்லை. முதுகு வலிக்கிறது.

அக்டோபர் 15, சனி

அம்மா உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் வேகவைக்கிறாள். பொட்டாசியம் போக வேண்டுமாம். ருசியும் போய்விட்டது. நனைந்த அட்டையைத் தின்பதுபோல் இருக்கிறது.

அக்டோபர் 18, செவ்வாய்

இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விரல் போனது. காகிதக் கப்பல் ஒன்று வந்தது, நகம் அளவுக்கு. புளிப்பு மிட்டாய் சுற்றிய தாளில் செய்தது. தாகம் தெரியாமல் இருக்க இங்கே எல்லோரும் மிட்டாய் சப்புகிறார்கள்.

போன வாரமே அந்த இடுக்கைத் துடைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டி, ஒரு ஹேர்பின்னையும் எடுத்துப்போட்டேன். கப்பல் எதுவும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

பீரிடம் கேட்டேன். "எஸ்தர் டீச்சர் செய்வாவ. நாலு வருசம் இந்த நாற்காலியிலதான் இருந்தாவ" என்றார்.

"இப்ப யார் செய்றது?"

அவர் குழாயைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. எண்பது மீட்டர் உயரத்தில், காற்றாலையின் தலைக்குள் தனியாக இருந்து வேலை பார்த்தவன். காற்று எத்தனை குரலில் பேசும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்க வெடி. ஒரு முறுக்கில் பாதி. தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

இங்கே யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருக்கிறது. வராதவரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள், ஓடாத டிவியாக இருந்தாலும்.

தளவாய்க்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. வந்ததும் எட்டு நாற்காலியையும் ஒரு நோட்டம் விடுவார். "எங்கவே அம்பாசமுத்திரத்துக்காரரு?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிப்பது மாதிரி, தன் நாற்காலியிலிருந்தே துண்டைச் சுழற்றிக் காலி நாற்காலியில் போடுவார். குறி தப்பாது.

இன்று அம்பாசமுத்திரத்துக்காரரின் இருக்கையில் போட்டார். நர்ஸ் எடுக்கப்போனாள். "தாயி, துண்டு விழுந்துட்டுன்னா சீட்டு அவருக்குத்தான். முப்பது வருசமா இதுக்குத்தான் பஞ்சாயத்துப் பண்ணேன்." எதிரே இருந்த பெண் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அரை மணி கழித்து அம்பாசமுத்திரத்துக்காரர் வந்தார். பஸ் பஞ்சராம்.

"ஏறும்வே. ஒம்ம ஒருத்தருக்காக வண்டி நிக்கு" என்றார் தளவாய். எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அழுதவளும் சிரித்தாள். எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. வராமலே போயிருந்தால் இந்த ஆள் என்ன செய்திருப்பார்?

நவம்பர் 1, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஊசியை எடுத்ததும் எடை பார்க்கப் போனேன். திரும்பிவந்தால் என் நாற்காலி இடுக்கில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். விரல் நுனியில் கப்பல்.

"நீங்கதானா? என்ன விளையாட்டு இது? ஒரு மனுஷனைப் பயமுறுத்துறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

கத்திவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"பயந்துட்டியா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பெரிய என்ஜினியருன்னாவ."

"பயப்படல. எதுக்கு வைக்கிறீங்க?"

"வழித்தொணைக்கு. டீச்சர் எனக்கு வச்சாவ, நான் வந்த புதுசுல. நான் ஒனக்கு வைக்கேன்." கப்பலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வேண்டாம்னா விடு தம்பி. கோவப்படாத, பிரஷர் ஏறும்."

முதல் நாளுக்குப் பிறகு இன்றுதான் என்னைப் பார்த்துப் பேசினார். தம்பி என்றார். பேரைக் கேட்டார். இசக்கிராஜ் என்றேன்.

நவம்பர் 3, வியாழன்

அண்ணாச்சி ஸ்கேன் எடுக்கப் போயிருந்த நேரத்தில் பீர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார்.

"அன்னைக்கு நீங்க சத்தம் போட்டது அவருக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. கிறுக்குன்னு நெனைக்காதீய."

"பின்ன?"

"அவருக்கு இங்க சீட்டு எப்படிக் கெடைச்சுதுன்னு தெரியுமா?"

பீர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இதே போல ஒரு மழைக்காலம். ஆவுடையம்மாள் என்று ஒருத்தி, பாப்பான்குளம் பக்கத்துக்காரி. அன்று ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. தகவலும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் தளவாய். கூப்பிட்டு அவள் நாற்காலியில் உட்காரவைத்து ஊசியைக் குத்திவிட்டார்கள். பாதியில் அவள் வந்துவிட்டாள். தொடை வரைக்கும் சேலை நனைந்து, இதோ இந்த வாசலில் நின்றாளாம்.

"அண்ணாச்சி எந்திரிக்கப் பாத்தாரு. நாந்தான் தோளை அமுக்கிப் பிடிச்சேன். ரத்தம் பாதி வெளிய ஓடிட்டிருக்கு, எப்படி எந்திரிக்க? அந்தம்மா ஒண்ணும் சண்டை போடல. 'பரவால்ல. நீங்க முடிங்க. நான் பொறவு வாரேன்'னுட்டுப் போனாவ."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். வரல."

அது அவருடைய தப்பு இல்லையே என்றேன். "தப்புன்னு யாரு சொன்னா?" என்றார் பீர். ஒரு மிஷினில் அலாரம் அடித்தது. ஸ்கேன் முடிந்து திரும்பிய அண்ணாச்சி வாசலில் இருந்தே, பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல், "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினார்.

நவம்பர் 8, செவ்வாய்

சாய்ந்து உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. இடுக்கில் கப்பல் இருந்தது. எடுக்கவில்லை.

அண்ணாச்சி இன்று டீச்சரோடு பேசவில்லை. காற்றாலை ஏன் காற்று பலமாக அடிக்கும்போது நின்றுவிடுகிறது என்று கேட்டார். அதிவேகத்தில் தாங்காது, பிரேக் தானாக விழும் என்று விளக்கினேன். "அப்போ எங்க பஸ்ஸவிட அறிவு ஜாஸ்தி" என்றார்.

நவம்பர் 10, வியாழன்

மேனேஜர் போன் செய்தார். ஒரு காற்றாலையில் கியர்பாக்ஸ் சூடாகிறது, புதிய பையனுக்குப் பிடிபடவில்லை, சனிக்கிழமை ஒரு நாள் வர முடியுமா என்று. 'முடியாவிட்டால் பரவாயில்லை, வேறு ஆள் போடத்தான் வேண்டியிருக்கும்' என்று கடைசியில் சேர்த்தார். அந்த ஆள் அன்றைக்கு மட்டுமா, என் இடத்துக்கேவா என்று கேட்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். எந்த இயந்திரத்துக்கும் ஒரு பாதுகாப்பு வரம்பு உண்டு. பத்து டன் தாங்கும் என்று எழுதியிருந்தால் பதினைந்து தாங்கும்படிதான் செய்திருப்பார்கள். உடம்பும் அப்படித்தான். ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் ஒன்றும் ஆகாது. தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் சரி.

அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 12, சனி

கயத்தாறு. ஆயில் கூலர் அடைத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. லிஃப்ட் இருந்தும் கடைசியில் ஏணியில்தான் ஏற வேண்டும். நடுவில் நின்றேன், யாரும் பார்க்கவில்லை. மேலே போனதும் போனை அணைத்துவிட்டேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள். நான் இன்னும் இன்ஜினியர்தான்.

பையன்கள் புரோட்டா வாங்கி வந்தார்கள். சால்னாவோடு சாப்பிட்டேன். டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன்.

நவம்பர் 13, ஞாயிறு

போனை இயக்கினால் ஆஸ்பத்திரியிலிருந்து நிறைய தவறிய அழைப்புகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். லேசாகக் கால் வீக்கம்.

நவம்பர் 14, திங்கள்

படுத்தால் மூச்சு முட்டுகிறது. மழை நிற்கவில்லை. அம்மா கேட்டாள், "சனிக்கிழமை ஒழுங்கா செஞ்சாங்களா?" செய்தார்கள் என்றேன். போன் செய்ய மறந்துவிட்டேன்.

நவம்பர் 15, செவ்வாய்

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பேசினால் பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றது. சனிக்கிழமை நான் போகவில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்தோம். ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர், சுற்றிப் போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது எல்லா மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டைத் தவிர.

என் நாற்காலியில் துண்டு கிடந்தது.

அதற்கு முன்னால் பெஞ்சில் ஒரு பெரியவர், கூடவே மகன். சங்கரன்கோவில்காரர்கள். பெரியவருக்கும் எனக்கு இருந்த அதே மூச்சுத் திணறல். பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. என் நாற்காலிக்காக அழைக்கப்பட்டவர்.

அண்ணாச்சி தன் நாற்காலியில் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி குத்த விடவில்லை.

"வந்துட்டான்லா!" என்று எழுந்தார். "நான் சொல்லல? பீரு, நான் சொன்னேனா இல்லையா?"

"காலையில இருந்து இதே அழும்பு" என்றார் பீர் என்னிடம். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. "சனிக்கிழமை வரல. போனும் அணைச்சாச்சு. நான் பெரியவரைக் கூப்பிட்டுட்டேன். இவரு துண்டப் போட்டுட்டு, 'அவன ஏத்தாம எனக்கு ஊசி போடாத'ங்காரு. இப்போ ரெண்டு பேரும் இந்த நெலமையில நிக்கீய. நான் யாரைப் பாக்க?"

பெரியவரின் மகன் குறுக்கே வந்தான். "எங்கள வரச் சொன்னது நீங்கதான் சார். அப்பா ராத்திரியெல்லாம் உக்காந்தே இருந்தாரு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி வந்து என் தோளைப் பிடித்துத் துண்டின்மேலேயே உட்காரவைத்தார். பிறகு பெரியவரிடம் போனார். "அய்யா, நீங்க இங்கன வாங்க." தன் நாற்காலியைக் காட்டினார். "எம் மிஷின்ல இவருக்குப் போடும்வே."

"அப்போ ஒங்களுக்கு?"

"எனக்கு என்ன? நேத்துகூட ஒண்ணுக்குப் போனேன்."

அம்பாசமுத்திரத்துக்காரர் சிரித்தார். நீர் பிரிவதுதான் இங்கே பெரிய பெருமை. பீர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் ஒரு மிஷின் ஒழியும். எங்கயும் போவாம இங்கயே இருங்க."

"சேரன்மாதேவி பக்கந்தான. வீட்டுக்குப் போய்ட்டு வாரேன், மாடு கெடக்கு."

எனக்கு ஊசி ஏறியது. பெரியவருக்கும் ஏறியது. அவர் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பி, "ஒங்க எடத்த எடுத்துக்கிட்டேனே" என்று ஏதோ சொன்னார்.

அண்ணாச்சி வாசலில் நின்றார். வெளியே மழை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பரவால்ல. நீங்க முடிங்க. நான் பொறவு வாரேன்."

நான் எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பீரின் இரண்டு கைகளும் என் தோளில் இருந்தன.

"ரத்தம் வெளிய ஓடிட்டிருக்கு தம்பி. அசையாதீய."

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரைட்!" என்று கத்தினார். போய்விட்டார்.

மாலையில் பீருக்குப் போன் செய்தேன். இன்னும் வரவில்லை. மழையாக இருக்கும் என்றார். இரவு மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 16, புதன்

தளவாய் அண்ணாச்சி இறந்துவிட்டார். நேற்றே. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்போது முடிந்திருந்தது.

நவம்பர் 17, வியாழன்

பீர் சொல்கிறார், அவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம், அன்றைக்கு மிஷினில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று. சரியாகத்தான் இருக்க வேண்டும். சில மணி நேரத் தாமதம் யாரையும் கொல்லாது. நான் மூன்று நாள் கூடுதலாகத் தாங்கவில்லையா? இதை நேற்றும் யோசித்தேன், இன்றும் யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருகிறது.

அன்றைக்கு எனக்கு அடியில் கிடந்த துண்டு என் பையில் இருந்திருக்கிறது. அம்மாதான் எடுத்தாள். "இது யாருது?" துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். மழையில் காயவில்லை. ஈரத்தோடு கொண்டுபோனேன்.

பெரியவருக்குக் காய்ச்சலாம், இன்று வரவில்லை. அண்ணாச்சியின் நாற்காலி காலி. எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள்.

நான் எறிந்தேன். எனக்குக் குறி வரவில்லை. பாதி தரையில் தொங்கியது. நர்ஸ் என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தொங்கிய பாதியை எடுத்து ஒழுங்காக விரித்தாள்.

கியர்பாக்ஸ் மறுபடியும் சூடாகிறதாம். மேனேஜர் போன் செய்தார். வர முடியாது என்றேன்.

நவம்பர் 19, சனி

பெரியவர் வந்தார், மகன் கையைப் பிடித்துக்கொண்டு. இனி அது அவருடைய இடம். பீர் என்னைப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று தெரியாது.

பிறகு எழுந்துபோய்த் துண்டை எடுத்தேன். இருக்கையைத் தட்டினேன். தூசி ஒன்றும் இல்லை.

"உக்காருங்க. எறங்குத வரைக்கும் சீட்டு ஒங்களுக்குத்தான்."

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் பீரைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பம்ப் சுற்ற ஆரம்பித்தது. என்னுடையது முனகுகிறது, இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. யாரும் ரைட் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நாள் கழித்து வெயில் அடித்தது, கண்ணாடியில் நீர்க்கோடுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணாச்சி, மழை விட்டுட்டு பாத்தீயளா?" என்றேன்.

பெரியவர் கைப்பிடியில் இருந்த கையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.